இருபத்தேழு குடைகள்

பென்சில் முனைகளை ஜன்னல் விளிம்பில் தேய்த்து மழுக்கிக்கொண்டிருக்கிறார் ஆசிரியர். இருபத்தெட்டுப் பென்சில்கள். மற்ற ஆசிரியர்கள் தேர்வுக்கு முந்தைய நாள் பிள்ளைகளைப் பென்சிலைக் கூராகச் சீவி வரச் சொல்வார்கள். சீவி வந்ததை இவர் வாங்கி மழுக்கித் தருவார். "கூரா இருந்தா முனை உடையும். உடைஞ்சா கை நடுங்கும். கை நடுங்கினா ரெண்டு மார்க்கு போச்சு" என்பது அவர் கணக்கு. ஒவ்வொரு பென்சிலையும் தன் உள்ளங்கையில் ஒரு கோடு இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அன்று மாலை வீட்டுக்குப் போகும்போது அவர் இடது உள்ளங்கை கரிக்கட்டையைப் பிடித்தவன் கை மாதிரி இருக்கும்.

ஐந்தாம் வகுப்பு ஆசிரியர். ஐம்பத்திரண்டு வயது. ஒடிசலான உடம்பு, நடக்கும்போது உடம்புக்கு முன்னால் மூக்குக் கண்ணாடி போய்க்கொண்டிருப்பது போலத் தோன்றும். பிள்ளைகள் வைத்த பெயர் ‘பத்தி சார்’. யார் எதை எழுதிக் காட்டினாலும் அவர் முதலில் கேட்பது, "எத்தனை பத்தி?" கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்டு வயிற்று வலியின் வரலாற்றை ஆரம்பத்திலிருந்து சொல்லும் பையனிடம்கூட, "ரெண்டே பத்தியில சொல்லிட்டு ஓடு" என்பார். வீட்டிலும் அதே கதைதான். அஞ்சல் நிலையத்தில் வேலை பார்க்கும் அவர் மனைவி, அங்கே நடந்த சண்டையைச் சாயங்காலம் விவரிக்க ஆரம்பித்தால் இவர் தன்னையறியாமல் விரல்களை மடக்குவார். அந்த அம்மாள் பேச்சை நிறுத்திவிட்டு, "இப்ப மூணாவது பத்தி. இதுலதான் போஸ்ட்மாஸ்டர் வர்றார்" என்று சொல்லித் தொடர்வார்.

ஐந்தாம் வகுப்பு முடிவில் பிள்ளைகளுக்கு எழுத்துத் தேர்வு ஒன்று உண்டு. அதில் நான்கு வகைக் கேள்விகள்: ஒரு கடிதம், ஒரு செய்முறை, ஒரு கருத்து, ஒரு அனுபவம். இந்த நான்கிலும் பிள்ளைகளைத் தயார் செய்வதில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பேர். அந்தப் பேர் சும்மா வந்ததில்லை.

கடிதத்துக்கு அவர் சொல்லித் தரும் முதல் பாடம் யாருக்கு என்று பார்ப்பது. "மாமாவுக்கு எழுதுறியா, பெரிய அதிகாரிக்கு எழுதுறியா? மாமாவுக்குப் போய் ‘மதிப்பிற்குரிய’ன்னு போட்டா அவர் பயந்துருவார். அதிகாரிக்கு ‘அன்புள்ள’ன்னு போட்டா நாம பயப்படணும்." கருத்துக் கேள்விக்கு, "ஆமாவா, இல்லையா? ஒண்ணைப் பிடி. பிடிச்சா மூணு காரணம் சொல்லாம விடாதே." செய்முறைக்கு அவர் செய்வது ஒரு கூத்து. ஷூவைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டு, அதைப் போட்டுக்கொள்வது எப்படி என்று பிள்ளைகளை எழுதச் சொல்வார். பிறகு அவர்கள் எழுதியதை ஒரு எழுத்துப் பிசகாமல் செய்து காட்டுவார். ‘ஷூவுக்குள் காலை விடவும்’ என்று ஒருவன் எழுதியிருந்தான். எந்தக் கால் என்று எழுதவில்லை. வலதுகால் ஷூவுக்குள் இடது காலைத் திணித்துக்கொண்டு நொண்டி நொண்டி வகுப்பை ஒரு சுற்று வந்தார். ‘நாடாவைக் கட்டவும்’ என்று மட்டும் எழுதிய சிறுமிக்கு, நாடாவைக் கழற்றி மேசைக் காலில் கட்டிக் காண்பித்தார். பிள்ளைகள் பெஞ்சைத் தட்டிச் சிரித்தார்கள். மறுநாள் ஒருவர் பாக்கியில்லாமல் ‘முதலில், பிறகு, அதன்பின், இறுதியாக’ என்று எழுதி வந்தார்கள். நல்ல ஆசிரியர்தான். அதில் யாருக்கும் சந்தேகம் இருந்ததில்லை, அவருக்கும்.

வம்பு நான்காவது கேள்வியில் இருந்தது.

பல வருஷங்களுக்கு முன்னால், ‘என்னால் மறக்க முடியாத நாள்’ என்று எழுதச் சொன்னபோது ஒரு பையன் வெற்றுத்தாளை வைத்துக்கொண்டு அழுதான். ஏன் என்று கேட்டதற்கு, "எனக்கு ஒண்ணுமே நடக்கல சார்" என்றான். அந்த வருஷம் அப்படி ஏழெட்டுப் பேர் வெற்றுத்தாள் கொடுத்தார்கள். அவருக்குப் பொறுக்கவில்லை. ஒன்றும் நடக்காத பிள்ளைகளுக்கு ஒன்றை நடத்திக்காட்டுவோம் என்று உட்கார்ந்து ஒரு கதை எழுதினார். மழை நாள், பேருந்து நிறுத்தத்தில் பிள்ளை குடையை மறந்துவிட்டுப் போகிறது, முகம் தெரியாத ஒரு பெரியவர் நனைந்தபடி ஓடிவந்து குடையைக் கொடுக்கிறார், பிள்ளை நன்றி சொல்கிறது, நேர்மையே உயர்வு தரும் என்று உணர்கிறது. மூன்று பத்தி. ஓர் உவமை. ஓர் உரையாடல். ‘மறக்க முடியாத நாள்’ வந்தாலும் சரி, ‘நான் பெற்ற உதவி’ வந்தாலும் சரி, ‘ஒரு மழைநாள்’, ‘நான் கண்ட நல்ல மனிதர்’ எது வந்தாலும் சரி, முதல் வரியைக் கொஞ்சம் திருப்பினால் பொருந்திவிடும். "குடையோட நிறத்தை மட்டும் ஆளுக்கொண்ணா மாத்திக்கோங்க" என்று சொல்லிக்கொடுத்தார். அந்த வருஷத்திலிருந்து அவர் வகுப்பில் வெற்றுத்தாள் என்பதே கிடையாது. விடைத்தாள்கள் கலைத்துப் போடப்பட்டுப் பல திருத்துநர்களிடம் சிதறிப் போய்விடும் என்பதால், எந்தத் திருத்துநருக்கும் ஒன்றிரண்டு குடைகளுக்கு மேல் தட்டுப்பட்டதில்லை. எட்டு வருஷம் அப்படிப் போயிற்று.

இந்த ஆண்டு வகுப்பில் ஒரு தையற்காரியின் மகள் இருந்தாள். மூன்றாவது பெஞ்சு. பேச்சு குறைவு. ‘ண’ எழுதும்போது மூன்று சுழிக்கு நான்கு போட்டுவிடுவாள். எத்தனை முறை திருத்தியும் அந்த நான்காவது சுழி போகவில்லை. பயிற்சி நாள் ஒன்றில் எல்லாரும் குடையைத் தொலைத்துக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் வேறு எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார். ‘அம்மாவின் விரலில் ஊசி இறங்கிவிட்டது’ என்று முதல் வரி இருந்தது. அவர் அதற்குமேல் படிக்கவில்லை. சிவப்புப் பேனாவால் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோபம் ஒன்றும் இல்லை. அன்பாகத்தான் சொன்னார், சொந்தக் கதையில் பத்தி பிரிக்க வராது, ரத்தம் கித்தமெல்லாம் திருத்துறவங்களுக்குப் பிடிக்காது, குடையை எழுதிவிட்டுப் போ என்று. அவள் தலையாட்டினாள். பக்கத்தைத் திருப்பி, ‘அன்று வானம் மேகமூட்டத்துடன் காணப்பட்டது’ என்று எழுத ஆரம்பித்தாள். அவரும் அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார்.

தேர்வு முடிந்தது. விடைத்தாள் திருத்த வேறொரு பள்ளியின் பெரிய கூடத்தில் மூன்று நாள் முகாம். நீள மேசைகள், தலைக்கு மேலே கிறீச்சிடும் மின்விசிறிகள், நாற்பது ஆசிரியர்கள். வழக்கம்போல அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவர் பத்து வருஷ அனுபவசாலி; புதிதாக வந்தவர்கள் சந்தேகம் என்றால் அவரிடம்தான் வருவார்கள். இந்த முறை ஆள் பற்றாக்குறையால் தாள்களைக் கலைக்க நேரமில்லை. ஒரு வகுப்பின் கட்டை அப்படியே ஒருவரிடம் கொடுத்துவிட்டார்கள். பள்ளிப் பெயர் இருக்காது, எண் மட்டும்தான்.

இரண்டாம் நாள் காலை பத்தரை மணி இருக்கும். பக்கத்து மேசை டீச்சர் சிரிக்க ஆரம்பித்தார். கலகலப்பான அம்மாள், கனத்த குரல், தாளைக் கையில் எடுத்தாலே வாய்விட்டுப் படிக்கிற சுபாவம். "இங்க பாருங்க, இதுவும் குடை. நீலக் குடை. இதுக்கு முந்தினது பச்சை" என்றார். இரண்டு மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அடுத்த தாளை எடுத்தார். மஞ்சள். அடுத்தது, சிவப்பில் வெள்ளைப் புள்ளி. ஒரு பையன் பதற்றத்தில் நிறத்தை எழுத மறந்துவிட்டு, ‘என் நிறக் குடை’ என்று எழுதியிருந்தான். இன்னொருத்தி பாசத்தோடு பக்கத்திலேயே குடையை வரைந்தும் வைத்திருந்தாள். கூடத்தில் சிரிப்பு பரவிவிட்டது. நாற்காலிகளை இழுத்துக்கொண்டு வந்து கூடினார்கள். ஒருவர், அந்த ஊரில் குடைக்கடை வைத்தால் ஒரே வருஷத்தில் மாடி வீடு கட்டிவிடலாம் என்றார். இன்னொருவர், அந்தப் பெரியவர் பாவம், இருபத்தேழு தடவை நனைஞ்சு ஓடியிருக்கார், நிமோனியா வந்திருக்கும் என்றார்.

"எந்த மேதாவி சொல்லிக்குடுத்தானோ" என்றார் டீச்சர், கண்ணீரைத் துடைத்துக்கொண்டே.

பத்தி சாருக்கு முதல் குடையிலேயே தெரிந்துவிட்டது. ‘அன்று வானம்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கையிலிருந்த பேனாவை மூடி வைத்தார். எழுந்து வெளியே போய்விடலாம் என்று நினைத்தார். எழுந்தால் எல்லாரும் பார்ப்பார்களே என்று உட்கார்ந்திருந்தார். எல்லாரும் சிரிக்கும்போது தான் மட்டும் உம்மென்று இருந்தால் யாராவது கவனிப்பார்கள். அதனால் அவரும் சிரித்தார். முதலில் உதட்டால். பிறகு, நிமோனியா என்றபோது, சத்தமாகவே சிரித்தார். தன் குரல்தான் அது என்று அவர் காதுக்கே நம்பிக்கை வரவில்லை.

அந்தக் கட்டின் கடைசித் தாள் மட்டும் மீதியிருந்தது. அதுவும் குடையாகத்தான் இருக்கும் என்று எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு நிற்க, டீச்சர் நாடகக்காரி மாதிரி தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"அம்மாவின் விரலில் ஊசி இறங்கிவிட்டது."

சிரிக்கத் தயாராக இருந்தவர்கள் கொஞ்சம் காத்திருந்தார்கள். டீச்சர் மேலே படித்தார். அந்தச் சிறுமி இப்படி எழுதியிருந்தாள்:

‘அம்மாவின் விரலில் ஊசி இறங்கிவிட்டது. நகத்தின் மேலே போய்க் கீழே வந்துவிட்டது. அம்மா கத்தவில்லை. என்னைக் கூப்பிட்டு, சக்கரத்தை மெதுவாகப் பின்பக்கம் சுற்று என்றாள். நான் கண்ணை மூடிக்கொண்டு சுற்றினேன். கண்ணைத் திறந்து சுற்று என்றாள். ஊசி மேலே வந்துவிட்டது. அம்மா தைத்துக்கொண்டிருந்தது ஒரு வெள்ளைச் சட்டை. அது பள்ளிக்கூடச் சட்டை. அதில் ரத்தம் சொட்டிவிட்டது. நாங்கள் தண்ணீரில் கழுவினோம், உப்பு போட்டோம், போகவில்லை. வேறு துணி வாங்க முடியாது. அப்போது அம்மா பாக்கெட்டை எடுத்து ரத்தம் இருந்த இடத்தில் வைத்துப் பார்த்தாள். சரியாக மூடிவிட்டது. கொஞ்சம் மேலே இருக்கிறது என்றாள். நான், யாரும் பார்க்க மாட்டார்கள் என்றேன். அம்மா சிரித்தாள். அந்தச் சட்டையை யார் போட்டிருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது நான் எல்லாருடைய பாக்கெட்டையும் பார்ப்பேன். கொஞ்சம் மேலே இருக்கிறதா என்று பார்ப்பேன்.’

அவ்வளவுதான். ஒரே பத்தி. முடிவுரை இல்லை.

கூடி நின்றவர்களில் இரண்டொருவர் சத்தமில்லாமல் தங்கள் மேசைக்குத் திரும்பினார்கள். டீச்சர் தாளை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மதிப்பெண் அட்டவணையைப் பார்த்தார். தொடக்கம், பத்தி அமைப்பு, உவமை, உரையாடல், முடிவுரை என்று ஒவ்வொன்றுக்கும் இத்தனை என்று அதில் போட்டிருந்தது. குடைகள் எல்லாவற்றிலும் தேறியிருந்தன, பத்துக்கு எட்டு. அவர் பத்தி சார் பக்கம் திரும்பினார்.

"சார், இதுல உங்களுக்குத் தெரியாததில்லை. இதுக்கு என்ன போடலாம்?"

அவர் கையை நீட்டித் தாளை வாங்கினார். ‘கண்ணைத் திறந்து’ என்ற இடத்தில் நான்கு சுழிகளோடு அந்த ‘ண’ இருந்தது. தான் வகுப்பில் சிவப்புக் கோடு போட்ட வரிக்கு அடியில் இவ்வளவும் காத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் தெரிந்தது. அந்தக் கணம் அவர் எதை வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தால் குரல் உடைந்துவிடும், உடைந்தால் இவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற ஒரே பயம்தான் அவரிடம் இருந்தது. உடையாத குரல் ஒன்று அவரிடம் எப்போதும் தயாராக இருந்தது. அதை எடுத்துக்கொண்டார்.

"பத்தியே பிரிக்கலையே. முடிவுரையும் காணோம். நாலு போடுங்க."

டீச்சர் ஒரு நொடி தயங்கினார். அனுபவசாலி சொல்கிறார் என்று நாலு போட்டார். கட்டைக் கட்டினார். பியூன் வந்து தூக்கிக்கொண்டு போனான்.

மதியம் பத்தி சார் டிபன் பாக்ஸைத் திறந்து மூடினார். கை கழுவப் போன இடத்தில் யாரோ, "சார், மழை வர்ற மாதிரி இருக்கு, குடை இருக்கா?" என்று பொதுவாக எல்லாரையும் கேட்பதுபோல அவரையும் கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்கும் சிரித்து வைத்தார்.

சாயங்காலம் மனைவி வேலையிலிருந்து வந்ததும் பத்தி சார் நடந்ததைச் சொன்னார். வழக்கத்துக்கு மாறாக எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நடுவிலிருந்து சொன்னார், திரும்பிப் போனார், மறுபடி நடுவுக்கு வந்தார். அந்த அம்மாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்று கேட்டார். குடைக்கு ஒன்றும் சொல்லவில்லை. நாலு மார்க்குக்கும் ஒன்றும் சொல்லவில்லை.

"அவங்க சிரிச்சப்ப நீங்களும் சிரிச்சீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

அவர் குனிந்து தன் செருப்பை ஓரமாகத் தள்ளி வைத்தார். மனைவியும் இரண்டாம் முறை கேட்கவில்லை. உள்ளே போய்த் துவைத்த துணிகளை மடிக்க ஆரம்பித்தார். பத்தி சாருக்குத் திட்டு வாங்கியிருந்தால் தேவலை என்றிருந்தது.

மூன்றாம் நாள் காலை முகாம் தொடங்கும் முன்பே தலைமைத் திருத்துநரின் அறைக்குப் போய்விட்டார். அவர் இன்னொரு பள்ளியின் தலைமையாசிரியை; ஓய்வு பெற ஒரு வருஷம் இருப்பவர்; யாரோடும் வம்பு வேண்டாம் என்று நாளை ஓட்டிக்கொண்டிருப்பவர். இவர் நின்றுகொண்டே சொன்னார், அந்தக் குடைக் கட்டு தன் வகுப்புக் கட்டு, அதில் ஒரு தாளுக்கு நாலு போடச் சொன்னதும் தான்தான் என்று. அந்த அம்மாள் அவசரமாகக் கதவைச் சாத்தினார்.

தன் பிள்ளைகள் தாள் என்று தெரிந்தும் ஒரு திருத்துநர் மார்க்கு சொன்னது விதிப்படி பெரிய குற்றம் என்று விளக்கினார். இதை மேலே சொன்னால் குடை எழுதிய பிள்ளைகளையும் கிளறுவார்கள் என்றார். "பேசாம போங்க சார். எட்டு வாங்கின இருபத்தேழு பிள்ளைங்க வயித்துல அடிக்காதீங்க. அதுங்க என்ன பண்ணும், நீங்க குடுத்ததை எழுதிச்சுங்க."

நீங்க குடுத்ததை என்பதை அவர் அழுத்திச் சொல்லவில்லை. இருந்தாலும் இவருக்குக் காது சுட்டது. குடைகள் அப்படியே இருக்கட்டும், அந்த ஒரு தாளை மட்டும் தன்னைத் தெரியாத ஒருவர் மறுபடி படித்தால் போதும் என்று கெஞ்சினார். மறுமதிப்பீடு என்றால் காரணத்தை எழுதித்தர வேண்டும் என்றார் தலைமையாசிரியை. ஒரு வெள்ளைத்தாளை அவர் பக்கம் தள்ளினார்.

இத்தனை வருஷமாகப் பிள்ளைகளுக்கு அலுவல் கடிதம் எழுதச் சொல்லித் தந்தவர் அந்தத் தாளின் முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தார். ‘மதிப்பிற்குரிய அம்மா, வணக்கம்’ வந்தது. ‘பொருள்’ என்று எழுதி இரண்டு புள்ளி வைத்தார். பொருள் என்ன என்று தெரியவில்லை. ‘சில தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று எழுதினார். அது அவர் வகுப்பில் விடுப்புக் கடிதத்துக்குச் சொல்லித் தரும் வரி. தாளைக் கசக்கினார். இரண்டாவது தாளையும் கசக்கினார். மூன்றாவது தாளில் பொருளையும் விட்டுவிட்டு எழுதினார்: அந்தத் தாளைப் படிக்கக் கேட்டபோது அது என் மாணவியுடையது என்று எனக்குத் தெரியும். மற்ற தாள்களைப் பார்த்து எல்லாரும் சிரித்தபோது நானும் சிரித்தேன். மேதாவி என்று யாரைச் சொன்னார்களோ அது நான். இந்தத் தாளுக்கு நாலு போடச் சொன்னது தாளைப் பார்த்து அல்ல, என்னைக் காப்பாற்றிக்கொள்ள. ஏற்கெனவே அவள் வகுப்பில் எழுதியபோதும் நான் படிக்காமல் அடித்துவிட்டேன். எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

தலைமையாசிரியை அதை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைத்தார். "இவ்வளவு எழுதணுமா சார்?" என்றார். இவர் எழுதிய கடிதத்தையே வாங்கிக்கொண்டார்.

அந்தத் தாள் வேறொரு கூடத்தில் வேறொருவரிடம் போயிற்று. பத்துக்கு ஏழு வந்தது. அந்த ஆளுக்கும் பத்தி இல்லாதது உறுத்தியிருக்கிறது. குடைகளின் எட்டு எட்டாகவே நின்றது. பத்தி சாருக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதமும், இனித் திருத்தும் பணிக்கு வரவேண்டியதில்லை என்று ஒரு கடிதமும் வந்தன. அவருடைய தலைமையாசிரியர் இரண்டையும் கோப்பில் போட்டு, "விடுங்க சார், வருஷா வருஷம் மூணு நாள் மிச்சம்" என்று தட்டிக்கொடுத்தார். விஷயம் ஆசிரியர்கள் மத்தியில் பரவ ஒரு வாரம் ஆகவில்லை. பத்தி சார் என்ற பெயர் போய்க் குடை சார் என்ற பெயர் வந்தது. கடைத்தெருவில் முன்னாள் மாணவர்களின் பெற்றோர் கும்பிடும்போது, இவர்களுக்கும் தெரியுமோ என்று அவர்கள் முகத்தைப் பார்க்காமல் நடக்கப் பழகிக்கொண்டார்.

விடுமுறையில் ஒருநாள் ஒரு கால்சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு தையற்கடைக்குப் போனார். இடுப்பைப் பிடிக்க வேண்டும் என்று சாக்கு. ஒரு கதவு அகலமே உள்ள கடை. உள்ளே ஒரு தையல் இயந்திரம், ஒரு வெட்டுமேசை, கம்பியில் தொங்கும் பாதி தைத்த சட்டைகள். சிறுமி மேசைக்கு அந்தப் பக்கம் தரையில் உட்கார்ந்து எதையோ எழுதிக்கொண்டிருந்தாள். தாய் எழுந்து, துணிக்குவியலைத் தள்ளி ஸ்டூலைப் போட்டுவிட்டு மறுபடி இயந்திரத்தின் முன் உட்கார்ந்தாள். பிள்ளை நல்ல மார்க் வாங்கிவிட்டதாகவும், எல்லாம் சார் சொல்லிக்கொடுத்ததுதான் என்றும் சொன்னாள். அவள் வலது ஆள்காட்டி விரலின் நகம் நடுவில் பிளந்து இரண்டாக வளர்ந்திருந்தது.

அவர் ஸ்டூலில் உட்காரவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். கோடு போட்டது, கூடத்தில் படித்தது, நாலு போடச் சொன்னது, பிறகு அது ஏழானது. தாய் மிதிபலகையிலிருந்து காலை எடுத்துவிட்டாள். கேட்கக் கேட்க அவள் முகம் வெளிறியது. அவர் எதிர்பார்த்த இடத்தில் அல்ல.

"அத்தனை பேர் முன்னாடியும் படிச்சாங்களா?" என்றாள். "அந்தச் சட்டை யாருதுன்னு கண்டுபிடிச்சிருவாங்களா சார்?"

அவர் திகைத்துப் போனார். தன் வெட்கத்தைச் சுமந்துகொண்டு வந்தவர், அதைவிடப் பெரிதாக ஒன்றை அவள் மடியில் வைத்துவிட்டோம் என்று அப்போதுதான் உணர்ந்தார். எண் மட்டும்தான் இருந்தது, பெயர் தெரியாது, யாருக்கும் தெரிய வழியில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அவள் அரைகுறையாக நம்பினாள். மகளை ஒருமுறை பார்த்தாள். திட்டவில்லை. பிறகு கால்சட்டையை எடுத்து மடிப்பைப் பிரித்துப் பார்த்தபடி மெதுவாகக் கேட்டாள்.

"ஏழு வந்துருச்சே சார். இதை ஏன் எங்ககிட்ட வந்து சொல்றீங்க?"

வரும் வழியெல்லாம் அவர் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்திக்கொண்டு வந்திருந்தார். யாருக்காகச் சொல்கிறோம் என்று யோசித்திருக்கவில்லை.

சிறுமி இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவள் பக்கம் திரும்பினார். அவள் மடியில் நோட்டுப் புத்தகம் திறந்திருந்தது. பக்கம் முழுக்க எழுத்து, ஓர் இடைவெளி இல்லாமல்.

"என்னம்மா எழுதுற? சார் படிக்கலாமா?" என்று கேட்டார். கேட்கும்போதே பழக்கதோஷத்தில் கை நீண்டுவிட்டது.

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இல்லை. வகுப்பில் கேள்விக்குப் பதில் சொல்லும்போது இருக்கும் அதே மரியாதையான முகம்.

"இது பரிட்சைக்கு இல்ல சார்" என்றாள். நோட்டை மூடித் தனக்கு அந்தப் பக்கமாக வைத்துக்கொண்டாள்.

"சரிம்மா" என்றார். நீட்டிய கை மேசைக்கு மேலே அப்படியே இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல், வெட்டுமேசை மேல் சிதறிக் கிடந்த நூல் பிசிறுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி உள்ளங்கையில் சேர்க்க ஆரம்பித்தார்.